ஏழாவது கேள்வியும் கிழியாத தபால்தலையும்

ஆண்கள் நல மருத்துவமனையில் கேஸ் ஷீட் எழுதும் வேலை என்பது, ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியை நாள் முழுக்க எல்லாரிடமும் மரியாதை குறையாமல் கேட்பது. கோவை சரவணம்பட்டியில் ஆறு வருடமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய அண்ணன் தம்பிகளே, நீங்களும் ஏதோ ஒரு மருத்துவமனை வாசலில் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனும் உங்களில் ஒருவன்தான். கூச்சப்படாமல் படியுங்கள். கூச்சம் வந்தால் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு படியுங்கள்.

திருப்பிக் கேட்கும் மரியாதை

எங்கள் டாக்டருக்கு வயது அறுபத்திரண்டு. நிமிர்ந்து பார்க்காமலேயே வைத்தியம் செய்வார். அவர் தயாரித்த கேஸ் ஷீட்டில் மொத்தம் பதினோரு கேள்விகள். பெயர், வயது, ஊர், தொழில், சர்க்கரை, புகை என்று ஆறு கேள்வி வரை வண்டி சமதரையில் ஓடும். ஏழாவது கேள்வி இது: 'காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு உண்டா, இல்லையா?' காலையில் அது தானாக வந்தால் உடம்பில் பழுதில்லை, கோளாறு மனசில் என்று அர்த்தம். வராவிட்டால் சர்க்கரையையும் ரத்தக் குழாயையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். விவசாயிகளுக்கு டாக்டர் சொட்டுநீர்க் குழாயை வைத்துச் சொல்லுவார். உப்பு முதலில் அடைப்பது சின்னக் குழாயைத்தான், அங்கே சொட்டு நின்றால் பெரிய குழாயையும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது என்பார். தோட்டம் வைத்திருப்பவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று வந்த முதல் நோயாளி வெள்ளகோவிலில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். ஐம்பத்திரண்டு வயது. சட்டைப்பையில் இரண்டு செல்போன். ஏழாவது கேள்வி வந்தது. என்னால் முடிந்தவரை 'ங்க' சேர்த்து, "ஏனுங்க, காலைல கண்ணு முழிக்கறப்ப விறைப்பு இருக்குதுங்களாங்க?" என்று கேட்டேன். நம்ம பக்கத்தில் ஒருவர் நம்மைப் பார்த்துச் சாப்பிட்டாயிற்றா என்றால், ஆயிற்று என்று மட்டும் சொல்லி நிறுத்துவது மரியாதை இல்லை. அவரையும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்க வேண்டும். அப்படி வளர்ந்தவர் அவர். கொஞ்ச நேரம் மேஜை விரிப்பைப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து, ஒரு நல்லது கெட்டது விசாரிக்கிற கரிசனத்தோடு சொன்னார்:

"இல்லீங்க. உங்களுக்குங்க?"

நான் சொன்ன பதில்

"இருக்குதுங்க" என்றேன். வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து பத்து பேரில் எட்டு பேர் என்னைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். கேட்காத இரண்டு பேர் வெளியூர்க்காரர்கள். எட்டு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பதில் உண்மையாகவே இருந்தது. போன ஆடி மாதத்தோடு அது பொய்யாகிவிட்டது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு முடிந்திருந்தது. ஒரு வாரம் வராததை அலுப்பு என்று நினைத்தேன், ஒரு மாதம் வராததை வெயில் என்று நினைத்தேன். வீட்டில் என் மனைவி ஸ்டெல்லாவிடம், காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறது, உன் தூக்கம் கெடும் என்று ஒரு சாக்குச் சொல்லி, ஹாலில் பாய் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஊர்ப்பட்ட பேருக்கு நெஞ்சைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறவன் தன் பெயரில் ஒரு சீட்டு எழுத எவ்வளவு கூச்சப்படுவான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

முதன்முதலாக அந்தப் பொய்யை நான் சொன்னது அன்னூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரிடம். பாவம், அவருக்கு இரண்டு வருடமாக இல்லை. அவர் திருப்பிக் கேட்டார், நான் இருக்குதுங்க என்றேன். மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்காச்சும் இருக்குதே, அதுவே சந்தோசமுங்க."

பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும்

ஒரு புதன்கிழமை காத்திருக்கும் அறையில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து உள்ளே வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்றில் செய்தித்தாள் மடங்கியது. வேர்வை தாங்காமல் இவரும் ஹெல்மெட்டைத் தூக்கினார். இரண்டு பேரும் சம்பந்திகள். தையில்தான் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. பெண்ணின் அப்பா, முழங்கால் வலிக்கு இங்கே நல்ல மாத்திரை தருகிறார்கள் என்றார். மாப்பிள்ளையின் அப்பா, தனக்கும் முழங்கால்தான் என்றார். சுவரில் ஆண் உடம்பின் நடுப்பகுதியை மட்டும் காட்டும் படம் ஒன்று ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. இரண்டு பேரும் அதில் முழங்காலைத் தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பாவுடைய டோக்கனைக் கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்போது தான் முந்துவது எப்படி என்று அவருக்குத் தயக்கம். அவர், "நீங்க போங்க" என்கிறார். இவர், "உங்க டோக்கனுங்க, நீங்கதான் போகோணும்" என்கிறார். இப்படியே கால் மணி நேரம் போனது. பின்னால் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட முனகவில்லை, எல்லாரும் நியாயம்தான் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டாக்டரே கதவைத் திறந்து, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க என்று கூப்பிட்டுவிட்டார். அப்போதும் வாசற்படியில் நின்று பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துக் கெஞ்சினார்:

"பொண்ணு ஊட்டுக்காரங்க நாங்க, எப்படீங்க முன்னால காலெடுத்து வெக்கறது?"

படம் பார்த்து வாங்கியவர்

உண்டா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு எங்கள் டாக்டர் பழைய காலத்துச் சோதனை ஒன்று வைத்திருக்கிறார். நான்கு தபால்தலைகளைப் பிரிக்காமல் ஒரே வரிசையாகக் கொடுப்போம். படுக்கும்போது அதை வளையமாகச் சுற்றி, நுனியை ஈரம் செய்து ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் ஓட்டை போட்ட இடத்தில் கிழிந்திருந்தால் உடம்பு அதன் வேலையைச் செய்திருக்கிறது. கிழியாவிட்டால் இல்லை. மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டு மூன்று வளையத்தையும் கவரில் போட்டுக்கொண்டு வர வேண்டும். இதற்கு இயந்திரம் உண்டு. ஆனால் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு தூங்கச் சொன்னால் நம்ம ஆட்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்பது டாக்டரின் கணிப்பு.

சோமனூரில் தறி ஓட்டும் கருப்புசாமி அண்ணனுக்கு நான் கொடுத்த வரிசையில் கோயில் கோபுரம் இருந்தது. கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். சரி என்று ஒரு தேசத் தலைவர் படத்தை எடுத்துக் கொடுத்தேன். தங்கள் தெருவுக்கே அவர் பெயர்தான் வைத்திருக்கிறது, தினம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். மயில் கொடுத்தேன். முருகன் வாகனமாயிற்றே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேஜை இழுப்பறை முழுக்கத் துழாவி ஒரு பட்டாம்பூச்சி வரிசையைக் கண்டுபிடித்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்தச் சாமிக்கும் சம்பந்தமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கினார். அன்றிலிருந்து இழுப்பறையில் பட்டாம்பூச்சி மட்டும்தான்.

நான்காம் நாள் வந்தார். கவரில் மூன்று வளையமும் கசங்காமல் இருந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை. டாக்டர் கவலையோடு சர்க்கரைக்கும் நெஞ்சுக்கும் எழுத ஆரம்பித்தார். எனக்கு அண்ணனுடைய முகத்தில் இருந்த பெருமை இடித்தது. எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன். மூன்று ராத்திரியும் கண்ணே மூடவில்லையாம்.

"கெவருமெண்டு சாமானத்தக் கிழிச்சுப்போடக் கூடாதுன்னு ஆடாம அசையாம காவல் காத்தனுங்க."

இந்தக் கதையை அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது நடந்தது, நான் முன்னே சொன்ன ஆடி மாதத்துக்கு முந்தைய வருடம்.

காலை நிலவரம்

பக்கத்து ஐ.டி. பூங்காவிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். நாற்பத்து நான்கு வயது. கையில் கடிகாரம், அது அவருடைய தூக்கம், துடிப்பு, நடை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுமாம். இது ஒன்றை மட்டும் அது எழுதுவதில்லை என்பதில் அவருக்கு வருத்தம். அதனால் தானே கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டு, மூன்று மாதக் காலைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பிரித்துக் கொண்டுவந்திருந்தார். ஏழாவது கேள்விக்கு இவ்வளவு நீளமான பதிலை நான் பார்த்ததில்லை. டாக்டர் அபூர்வமாக நிமிர்ந்தார். சனி, ஞாயிறு எல்லாம் பச்சை. திங்கள் காலை ஒன்று விடாமல் சிவப்பு. உங்களுக்கு வந்திருப்பது திங்கட்கிழமை, வேறொன்றுமில்லை, பத்து நாள் லீவு போடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதினார்.

லீவுதான் பிரச்சினை என்றார் மேனேஜர். வீட்டில் யாரும் திறந்து பார்த்துவிடக் கூடாது என்று அந்த அட்டவணைக்குக் 'காலை நிலவரம்' என்று பெயர் வைத்து, ஆபீஸ் கோப்புகளோடு ஒளித்து வைத்திருக்கிறார். அது மற்ற கோப்புகளோடு சேர்ந்து ஒவ்வொரு வாரமும் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அவர்கள் அதைப் பற்றி ஒரு தனிக் கூட்டமே போட்டிருக்கிறார்கள்.

"சிவப்பு எதனால அதிகமாகிட்டே போகுது, எந்தத் தேதிக்குள்ள சரி பண்ணித் தருவீங்கன்னு எழுத்துல கேக்கறாங்க சார்."

பண்ணாடி

எல்லாம் சிரிப்பாகவே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கார்த்திகையில் ஒரு நாள், வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. எங்கள் அப்பா சூசை அவர்கள் தோட்டத்தில்தான் பண்ணையத்தில் இருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது இவர் சின்னப் பண்ணாடி, அதாவது சின்ன முதலாளி. எங்கள் குடும்பத்தில் எல்லாரையும் அவர் வீட்டார் 'வாடா போடா' என்றுதான் கூப்பிடுவார்கள், அப்பாவின் தலை நரைத்த பிறகும் அப்படித்தான். இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. ஊர், பெயர் எழுதும்போதே என்னை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

ஏழாவது கேள்வியைக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேறெதையோ சொன்னார். "சூசை அன்னைக்குக் காலைல இருந்தே நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லவே இல்லை. வாய்க்கால் மடை திருப்பீட்டே இருந்தான். சொல்லீருந்தா ஜீப்புல போட்டுட்டுப் போயிருப்பேன். அம்பத்தொரு வயசு." எங்கள் அப்பா அந்த மடையிலேயே சாய்ந்தவர். பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா வலியைச் சொல்லாதவர், நான் வேறொன்றைச் சொல்லாதவன் என்று அந்த நிமிடம் எனக்குப் பட்டது. மாடிப்படி ஏறினால் சில நாளாக மூச்சு வாங்குவதும் நினைவுக்கு வந்தது. பயந்துபோனேன். பண்ணாடி என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டு ஆள் ஒருவனுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த முதல் 'ங்க' எனக்குக் கிடைத்தது.

"ரெண்டு வருசமா இல்லீங்க. உங்களுக்குங்க?"

அவருக்கும் பொய்தான் சொன்னேன்.

வீட்டுக்காரம்மா விதி

உள்ளே வர மறுத்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்ளும் ஆண்களுக்காக டாக்டர் ஒரு விதி வைத்திருக்கிறார். கணவன் வராவிட்டால் மனைவி டோக்கன் வாங்கலாம். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். முதலில் எனக்கு இது சரியாகப் படவில்லை. அவிநாசியில் மாவு மில் நடத்தும் ஒரு அம்மா வந்து என் எண்ணத்தை மாற்றினார். பதினோரு கேள்விக்கும் நான் முடிப்பதற்குள் பதில் வந்தது. ஏழாவதுக்கு, போன பொங்கலுக்கு மறுநாள் கடைசியாக, அதற்கு முன் மாசத்துக்கு இத்தனை என்று சொல்லிக்கொண்டே போனார். நான் சந்தேகத்தோடு கண்ணாடி வழியாக டீக்கடையைப் பார்த்தேன். அவருடைய கணவர் ஒரு வடையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டுமா என்றேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்மூட்டுல என்ன இருக்குது என்ன இல்லைன்னு எனக்குத் தெரியாம அவருக்குத் தெரிஞ்சிருமாக்கும்?"

மூக்குக்கண்ணாடிக் கூடு

பண்ணாடி வந்துபோன வாரத்தில் நான் இழுப்பறையிலிருந்து மூன்று வரிசைப் பட்டாம்பூச்சிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கருப்புசாமி அண்ணன் மாதிரி இல்லை, நன்றாகவே தூங்கினேன். மூன்று காலையும் பாயில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். பட்டாம்பூச்சிகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. மூன்றாம் நாள் காலை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டு வளையத்தைக் குப்பையில் போட்டேன். மூன்றாவதைப் போட மனசு வரவில்லை. பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து பீரோவுக்குள் தள்ளினேன். தை போகட்டும், டாக்டரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். தை போனது.

ஸ்டெல்லா அவிநாசியில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. அவளிடம் ஒன்றை ஒளிக்க பீரோவைத் தேர்ந்தெடுத்த என் புத்தியை என்ன சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது, ஊக்கைத் தேடிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"ஏனுங்க, கண்ணாடிக் கூட்டுல தபால்தலை வெச்சிருக்கறீங்களே, யாருக்குங்க காயிதம்?"

ஆபீஸ் சாமான் என்றேன். ஊக்கு கிடைத்ததும் அவள் கிளம்பிவிட்டாள்.

டோக்கன் பதினேழு

பங்குனி பிறந்து நான்காவது நாள். "டோக்கன் பதினேழு" என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஸ்டெல்லா வந்து எதிரில் உட்கார்ந்தாள். காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள். நான் குரலைத் தாழ்த்தி, இங்கே எதுக்கு வந்தே என்றேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஊட்டுக்காரருக்காக வந்திருக்கறனுங்க. அவரு வர மாட்டேங்கறாரு. எழுதிக்குங்க" என்றாள். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் டி.வி.யிலிருந்து தலையைத் திருப்பினார்கள். ஆறு வருடப் பழக்கத்தில் என் வாய் தானாகக் கேட்டது.

"பேருங்க?"

"எம்பேருங்களா, அவரு பேருங்களா?"

"அவரு பேருங்க."

"அருள்ராஜுங்க. வயசு நாப்பத்தொம்பது. ஊரு அவிநாசி. தொழிலு..." மேஜையை ஒரு தடவை பார்த்தாள். "கேஸ் ஷீட் எழுதறாருங்க."

"சர்க்கரைங்க?"

"பாத்ததே இல்லீங்க. ஊரு பூராத்தையும் பாக்கச் சொல்லுவாரு, அவரு பாக்க மாட்டாரு."

"புகை?"

"கல்யாணத்தோட உட்டுட்டாருங்க. வண்டிப் பெட்டிக்குள்ள ஒரு பாக்கெட் இருக்குது, அது யாருதுன்னு தெரியலீங்க."

அதற்கு மேல் என் பேனா நகரவில்லை. "அடுத்தது ஏழாவதுங்க, கேளுங்க" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் எண்ணெய் ஆலைக்காரரிடம் கேட்டதைவிடக் கஷ்டப்பட்டு, எல்லா 'ங்க'வும் சேர்த்து, அவருக்குக் காலையில் விறைப்பு இருக்குதுங்களாங்க என்று கேட்டேன். அவள் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். திறந்து, அந்த வளையத்தை எடுத்து மேஜை மேல் நிறுத்தினாள். நான்கு பட்டாம்பூச்சி, ஒரு கிழிசல் இல்லை.

"அவரு சொன்னாத்தானுங்க எனக்குத் தெரியும். எட்டு மாசமா ஹால்ல படுத்துக்கறாரு. என்னையத்தான் புடிக்காமப் போயிருச்சோன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. கண்ணாடி முன்னால நின்னு அழுதுபோட்டு வேலைக்குப் போயிருக்கறனுங்க. இதப் பாத்தப்பறம்தான், இது என்னால இல்லை, சீக்குன்னு தெரிஞ்சுது. மாமனாருக்கு நெஞ்சுல வந்தது இவருக்கும் வந்துருமோன்னு அதுக்கப்பறம் தூக்கம் போச்சுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மரியாதை தெரிந்த ஊர்க்காரியாக, என்னையும் ஒரு வார்த்தை கேட்டாள். "உங்களுக்குங்க?"

"இல்லீங்க" என்றேன்.

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஐந்தாறு மாதமாக என்னிடம் வந்துபோகும் காரமடைக்காரர் ஒருவர், என்னிடம் 'இருக்குதுங்க' கேட்டுக் கேட்டு ஏங்கியவர், மெல்ல எழுந்து நின்றார்.

"அட, உங்களுக்கும் இல்லீங்களா. மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க இவ்வளவு கவலப்பட்டிருக்க மாட்டமுங்களே."

டேமேஜ் பீஸ்

டாக்டர் என் கேஸ் ஷீட்டை வழக்கம் போல நிமிராமல் படித்தார். பெயரைப் படித்ததும் நிமிர்ந்தார். திட்டவில்லை. அன்று மதியமே ரத்தம் எடுத்தார்கள், மறுநாள் நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார்கள். சர்க்கரை எனக்குத் தெரியாமல் என்னோடு நெடுநாள் குடித்தனம் நடத்தியிருக்கிறது. நெஞ்சுக்குப் போகும் ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. வலி வருவதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள், எப்படி வந்தீர்கள் என்று நெஞ்சு டாக்டர் ஆச்சரியப்பட்டார். பட்டாம்பூச்சி என்று நான் சொல்லவில்லை, மனைவி டோக்கன் வாங்கினாள் என்றேன். ஸ்டென்ட் வைத்து, ஒரு மாதம் ஓய்வில் இருந்து, வண்டிப் பெட்டியில் இருந்த பாக்கெட்டையும் தலைமுழுகிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். வெள்ளகோவில் பண்ணாடிக்கு நானே போன் போட்டு, அன்று சொன்னது பொய், நெஞ்சுக்குப் போனீர்களா என்று கேட்டேன். மறுநாளே போய்விட்டு வந்தார்.

பாயைச் சுருட்டி மேலே அட்டாலியில் ஏற்றியாயிற்று. ஏழாவது கேள்விக்கு இப்போது என் நேர்மையான பதில், வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் இரண்டு. முதல் நாள் அது வந்தபோது ஸ்டெல்லாவை எழுப்பிச் சொன்னேன். அரைத் தூக்கத்தில், நல்லதுங்க, அப்படியே பால் வாங்கீட்டு வந்துருங்க என்றாள். அன்று காபி குடிக்கும்போது, ஏன் வீட்டிலேயே என்னைக் கேட்காமல் அத்தனை பேர் முன்னால் டோக்கன் வாங்கி வந்தாய் என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஊட்ல கேட்டா இருக்குதுன்னுதான சொல்லீருப்பீங்க. டேமேஜுன்னு ஒத்துக்கிட்டாத் தெச்சுக்கலாமுங்க, மடிச்சு உள்ள வெச்சா அப்பறம் கப்பல்ல போயித்தான் திரும்பி வரும்."

ஆக, ஊரில் இத்தனை ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்விக்கு நானே நேர்மையாகப் பதில் சொல்ல எட்டு மாதமும், நான்கு பட்டாம்பூச்சியும், டோக்கன் எண் பதினேழும் தேவைப்பட்டன, உங்களுக்குங்க?